வீதித் திரை யாருடைய நாவால் பேசும்?

வெறும் பலகைதானே என்று அலட்சியமாகச் சொல்பவர் யாழ்ப்பாணத்தின் வரலாற்றை அறியாதவர். எமது பொது நூலகத்துக்கு அருகே, பாரத நாட்டின் உதவியுடன் எழுந்து நிற்கும் 11 மாடிக் கலாசார மையத்துக்கு 2025 சனவரி 18ஆந் திகதி திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவப் பெருந்தகையின் பெயரை விரும்பாத தமிழன் எவனுமிலன். ஆயினும், “யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே போயிற்று?” என்ற வினா மூலைக்கு மூலை எழுந்தது. சில நாட்களிலே யாழ்ப்பாணத்தின் பெயரும் அதனோடு சேர்க்கப்பட்டது. ஒரு பெயரை மாற்றியதும் மக்களே. மாற்ற வைத்தது மக்களின் வாயே.

இந்த உணர்ச்சி நேற்று முளைத்ததன்று. 1957இல் மோட்டார் வண்டிகளின் இலக்கத்தகடுகளிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. எமது மக்கள் அதன்மேல் தார் பூசினர். 1958இலே தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. பொது இடத்திலே ஓர் எழுத்து நிற்பதும் நில்லாததும் ஓர் இனத்தின் தன்மானத்தைத் தொடும் காரியம் என்பதை எமது தந்தையர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இப்பொழுது புதியதொரு பலகை உலகத்து நகரங்களிலே நாட்டப்பட்டு வருகின்றது. அது மரத்தாலானதன்று, தார் பூசி அழிக்கக் கூடியதுமன்று. வீதியோரத்திலே நிற்கும் ஒளித்திரை அது. இணையத்தின் மூலம் ஏனைய திரைகளுடனும் அலுவலகங்களுடனும் பிணைக்கப்பட்டிருக்கும். விரலால் தொட்டால் விடை சொல்லும்; கேள்வியை எழுதினால் உரியவரிடம் கொண்டு செல்லும். இதனைப் பொதுத்திரை என்று நாம் அழைப்போம். விளம்பரம் காட்டும் ஒளித்திரைகள் எமது பட்டினத்திலும் தோன்றிவிட்டன. பேசும் திரைகளும் வந்தே தீரும். வருவதைத் தடுப்பது எமது நோக்கமன்று. அவை யாருடைய நாவால் பேசும், யாருக்கு மறுமொழி சொல்லும் என்பதை அவை வருமுன்னரே நாம் தீர்மானிக்க வேண்டும் என்பதே எமது வாதம்.

வாசிகசாலை காட்டிய வழி

பொது இடத்திலே கூடிப் படிப்பதைத் தமிழனுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. குடாநாட்டின் ஊர்தோறும் வாசிகசாலை உண்டு. காலையிலே பத்திரிகை வந்ததும் ஒருவர் உரத்து வாசிப்பார். பத்துப்பேர் சூழ்ந்து கேட்பார்கள். எழுத்தறியாத முதியவரும் உலகச் செய்தி அறிந்து வீடு திரும்புவார். வாசித்தவரை மறித்துக் கேள்வி கேட்பதற்கும் அங்கே இடமிருந்தது. தொட்டால் விடை சொல்லும் திரை என்று இன்று வியந்து பேசப்படுவதன் கருப்பொருள் எமது வாசிகசாலைத் திண்ணையிலே முன்னரே இருந்தது எனலாம்.

ஆனால் எமது வாசிகசாலை மரபைப் புகழும்போது அதன் குறையையும் ஒளிக்கலாகாது. எல்லாத் திண்ணைகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தேநீர்க் கடைகளிலும் ஆலய வாயில்களிலும் எமது சொந்தச் சகோதரரையே நாம் வெளியே நிறுத்தினோம். 1968இல் மாவிட்டபுரத்திலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மறந்தவர் உண்டோ? பொதுத்திரை ஒன்றை எங்கே நாட்டுவது என்ற வினா எழும்போது, இந்த நினைவு எமது நெஞ்சில் நிற்க வேண்டும்.

மேலைத்தேயங்கள் கற்ற பாடம்

முதலில் நியூயோர்க் நகரத்தைப் பார்ப்போம். பழைய பொதுத் தொலைபேசிக் கூண்டுகளை அகற்றி, அவற்றின் இடத்திலே ஒளித்திரைத் தூண்களை நாட்டும் திட்டம் அங்கே 2016இல் நடைமுறைக்கு வந்தது. ‘லிங்க் என்.வை.சி.’ என்பது அதன் பெயர். இலவசத் தொலைபேசி, இலவச இணையம், தொடுதிரை யாவும் அதில் உண்டு. செலவை விளம்பரம் ஏற்கும் என்றனர். சில மாதங்களிலேயே சிலர் திரையை மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு ஆபாசப் படம் பார்த்தனர் என்ற முறைப்பாடு எழவே, அதே ஆண்டு செப்டெம்பரில் இணையத்திலே உலாவும் வசதி நிறுத்தப்பட்டது. விளம்பரத்தை நம்பி நடத்திய காரணத்தால் தூண்களிற் பெரும்பாலானவை செல்வம் கொழிக்கும் மான்ஹற்றன் பகுதியிலேயே குவிந்தன. தூண்களிலுள்ள கமராக்கள் மக்களை வேவு பார்க்குமோ என்ற அச்சத்தைக் குடியுரிமை இயக்கத்தினர் எழுப்பினர்.

பின்லாந்து தேசத்தின் ஊலு நகரிலே பல்கலைக்கழகமும் நகரசபையும் இணைந்து 2009இல் 57 அங்குலத் தொடுதிரைகளை வீதிகளிலே நாட்டின. பல ஆண்டுகள் அவற்றை நடத்தி, மக்களின் போக்கை ஆராய்ந்தனர். பலர் அத்திரை தொடத்தக்கது என்பதையே அறியாமற் கடந்து சென்றனர் என்பது அவர்கள் கண்ட உண்மைகளில் ஒன்று. அதே 2009இல் ஜெர்மன் ஆய்வாளர் சிலர் இன்னொரு உண்மையைக் கூறினர்: ‘இதிலே விளம்பரந்தான் இருக்கும்’ என்று ஒருவன் எண்ணிவிட்டால், திரை எவ்வளவு பிரகாசித்தாலும் அவனுடைய கண் அதனைக் காணாது. கண் இருந்தும் காணாத இந்த நிலையை அவர்கள் ஒருவகைக் குருடு என்றே அழைத்தனர்.

2003இல் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஆய்வொன்று எமக்கு மிகவும் பொருந்துவது. பலர் பார்த்திருக்கத் திரையைத் தொட்டுத் தவறு செய்தால் நகைப்புக்கு ஆளாவோமோ என்ற கூச்சமே மக்களைத் தடுக்கிறது. துணிந்த ஒருவர் முன்னே சென்றுவிட்டால், தேனை மொய்க்கும் ஈக்களைப் போல ஏனையோர் திரள்கின்றனர் என்று அவ்வாய்வு கூறியது. உத்தியோகத்தர் முன்னே கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட எமது கமக்காரர், சனசந்தடி மிக்க பஸ் நிலையத்திலே ஒரு கண்ணாடித் திரையை உடனே தொட்டுவிடுவார் என்று எண்ணுவது பேதைமை. திரைக்குப் பக்கத்திலே, “ஐயா, வாருங்கள், என்ன அறிய வேண்டும்?” என்று கேட்கும் மனிதர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

அயலிலே கிடைத்த வெற்றி

நியூயோர்க்கும் ஊலுவும் தூர தேசங்கள். எமது அயலிலே, எமது மொழியிலே நடந்த முயற்சியொன்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களிலே அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூரிலே நடுநிலையம், அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பு மூலம் கிராமங்களுக்குச் செய்தி சென்றது. மின்சாரம் தடைப்படும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து சூரிய ஒளியையும் பயன்படுத்தினர். வந்த செய்தி கணினிக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கவில்லை. அறிவித்தற் பலகையிலே தமிழில் எழுதப்பட்டது, ஒலிபெருக்கியிலே வாசிக்கப்பட்டது. வீராம்பட்டினத்து மீனவர், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயரச் செய்தியைக் கடற்கரையிலே நின்றபடி காதாற் கேட்டுத் தோணி இறக்கினர்.

மையம் அமையும் இடம், தாழ்த்தப்பட்டோர் உட்பட ஊரார் அனைவரும் தடையின்றி வரத்தக்க பொது இடமாக இருத்தல் வேண்டும் என்பது அந்நிறுவனம் கிராமத்தாருக்கு விதித்த நிபந்தனை. இயந்திரத்தைக் கொடுக்குமுன் நியாயத்தைக் கேட்டனர்! யாழ்ப்பாணத்தார் மனத்திலே பதிக்க வேண்டிய பாடம் இது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாடு என்ற கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலே தொழில் செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியிலே செய்தியைக் கண்ட அவர் ஊருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் ஓடி உயிர் தப்பினர். அதே நாளில் மணற்காட்டிலும் மருதங்கேணிக் கரையிலும் எமது மக்களை எச்சரிக்க அத்தகைய குரல் ஒன்று இருந்திருப்பின்! எழுதும் எமது கை நடுங்குகின்றது.

எமது தீவிலும் நல்ல முன்மாதிரி உண்டு. மலையகத்திலே கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோவின் ஆதரவுடன் 1999இல் இணையத்தையும் வானொலியையும் இணைத்தது. கேட்போர் கேள்விகளை அனுப்பினர். ஒலிபரப்பாளர் இணையத்திலே விடை தேடி மக்கள் மொழியிலே விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டிப் பொது நூலகங்களிலே கணினிகளும் வைக்கப்பட்டன. புதுச்சேரியிலும் கொத்மலையிலும் வென்றது இயந்திரமா? அன்று. இயந்திரத்துக்கும் மக்களுக்கும் இடையே நின்று விடையிறுத்த மனிதரே வென்றனர்.

எதைச் சொல்ல வேண்டும்?

யாழ்ப்பாணத்திலே திரைகள் நாட்டப்படுமாயின், அவற்றுக்குரிய இடம் உல்லாசப் பிரயாணிகள் உலாவும் வீதி மட்டுமன்று. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகள், பஸ் நிலையங்கள், போதனா வைத்தியசாலை வாயில், பருத்தித்துறை, குருநகர் இறங்குதுறைகள், தீவகத்து மக்கள் படகுக்குக் காத்து நிற்கும் குறிகட்டுவான், இவையே உரிய இடங்கள்.

வெங்காயச் செய்கைக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருகிறார். அன்று தம்புள்ளையிலே வெங்காயம் என்ன விலை போனது என்பது தரகருக்குத் தெரியும், உழைத்தவருக்குத் தெரியாது. விலையைக் குறைத்துக் கேட்கும்போது மறுத்துப் பேச அவருக்கு ஆதாரமில்லை. சந்தை வாயிலிலே தம்புள்ளை விலையும் சுன்னாக விலையும் கொடிகாம விலையும் ஒரே திரையில் ஒளிருமானால், தலை நிமிர்ந்து விலை பேசுவார். அறிவிக்கப்பட்ட விலைக்குக் குறைவாகக் கேட்டார்கள் என்று அதே திரையில் முறையிடவும் அவரால் இயலும். எழுத்தை வெறுமனே காட்டும் பலகைக்கும் மறுமொழி கேட்கும் பலகைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கிணற்று நீரின் கதையோ இதனிலும் கொடியது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புக் கற்பாறையின் அடியிலே தேங்கும் நீரே எமது உயிர். சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் எழுந்தபோது, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வெளிவந்தன. குழந்தைக்கு இந்த நீரைக் கொடுக்கலாமா என்று தாய்மார் கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. ஈற்றில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. கிணறு கிணறாக எடுத்த பரிசோதனை முடிவு, எடுத்த நாள், எடுத்தவர் யார் என்பனவெல்லாம் சுன்னாகச் சந்தையிலே யாவரும் காண ஒளிர்ந்திருந்தால், வதந்திக்கும் மறைப்புக்கும் இடமிருந்திருக்குமா? மக்கள் அறிய வேண்டிய உண்மை கோவைக்குள் கிடத்தல் அநீதி.

எப்படி அமைய வேண்டும்?

முதலாவது, மொழி. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கிலே தமிழே நிருவாக மொழி என்று வகுத்தது. ஆகவே எமது மண்ணிலே திரையின் முதல் எழுத்து தமிழாக இருத்தல் சலுகையன்று, அரசியலமைப்பு விதி. சிங்களமும் ஆங்கிலமும் தொடர்ந்து வரட்டும், வரவேற்போம். ஆனால் கொழும்பிலே எழுதிய வாசகத்தைப் பொறி மொழிபெயர்த்துத் தரும் கொலைத் தமிழ் எமக்கு வேண்டாம். கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே சிதறி நிற்கும் எழுத்தும் வேண்டாம். தமிழெழுத்தை ஒழுங்காகக் கோத்துக் காட்டத் தெரியாத பொறியைக் கேள்விப்பத்திரக் கட்டத்திலேயே நிராகரிக்க வேண்டும்.

இரண்டாவது, உடல். யுத்தத்திலே கால் இழந்து சக்கர நாற்காலியிலே வாழ்வோர் எம்மிடையே பலர். அவர்களுடைய கைக்கு எட்டாத உயரத்திலே திரையை வைத்தல் புண்ணிலே வேல் பாய்ச்சுவதாகும். கண் மங்கியோருக்குக் குரல் வேண்டும். நண்பகல் வெய்யிலில் கண்ணாடி கூசும். எனவே நிழல் வேண்டும், அமர்வதற்குத் திண்ணையும் வேண்டும். 1990க்குப் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் குப்பிவிளக்கிலே படித்த பிள்ளைகள் நாம். மின்சாரம் நின்றதும் ஊமையாகும் திரையை நாம் நம்பலாமா? சூரிய ஒளியும் மின்கலமும் திரையோடு வரவேண்டும். புயல் நாளிலேதான் அதன் குரல் அதிகம் தேவைப்படும்.

மூன்றாவது, திரை எம்மைப் பார்க்கலாகாது. நாம் திரையைப் பார்க்கவே அது நாட்டப்படுகின்றது. கேள்வி கேட்பவனின் முகத்தைப் படம் பிடிப்பதும், அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பதும், பெயரைப் பதிந்து வைப்பதும் கூடவே கூடாது. பல ஆண்டுகள் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த மக்கள் நாம். கமராவைக் கண்டதும் விலகி நடக்கும் பழக்கம் எம்மிடம் இன்னும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடதாசியிலே விட்டுவிடாமல் இங்கே செயலிற் காட்டட்டும்.

நான்காவது, திறவுகோல் யாருடைய கையில்? 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் ஒரே ஆணையிலே நாடெங்கும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாம் கண்டோம். 1981இல் எமது நூலகத்தைச் சாம்பலாக்கச் சுமார் 97,000 நூல்களுக்குத் தீ வைக்க வேண்டியிருந்தது. திரைகளின் வாயை அடைப்பதற்குத் தீயும் வேண்டியதில்லை. தூரத்திலே இருந்து ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். ஆதலால் திரைகளின் உள்ளடக்கம் எமது உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலே, எமது மண்ணிலேயே காக்கப்படல் வேண்டும்.

மறுமொழி சொல்லாத திரை எதற்கு?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. மக்கள் திரையிலே எழுதும் கேள்விக்கு யார் விடை சொல்வார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவிக்க வேண்டும் என்கிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். அலுவலர் அதற்கு உதவ வேண்டும். பொதுத்திரையிலே தகவல் கேட்டுப் பதியப்படும் ஒவ்வொரு கேள்வியையும் இச்சட்டத்தின் கீழான விண்ணப்பமாக ஏற்க வேண்டும் என்பது எமது கோரிக்கை. கேள்வியும், அது கிடைத்த நாளும், விடை வந்த நாளும், வராவிடில் எத்தனை நாள் கடந்தது என்பதும், கேட்டவரின் பெயரின்றி, அதே திரையிலே ஒளிரட்டும். கந்தோரிலே உறங்கும் கோவைகள் துள்ளியெழுவதைக் காண்பீர்கள்!

திரைகளை நாட்டுமுன் மக்களைக் கேட்பதும் கடமை. 2019இல் யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் ‘ஸ்மார்ட்’ கம்பங்கள் நாட்டப்பட்டபோது மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்ததை மறந்துவிடலாகாது. ‘ஐந்தாம் தலைமுறை’ அலை உயிரைக் குடிக்கும் என்ற அச்சத்துக்கு விஞ்ஞான ஆதாரம் போதாது என்பது உண்மையே. ஆனால் அச்சம் வளர்வதற்கு இருளே எரு. முன்கூட்டியே கூட்டம் கூட்டி, ஒப்பந்தத்தை விரித்துக் காட்டி, வினாக்களுக்கு விடை சொல்லியிருந்தால் அந்த இருள் அவ்வளவு தடித்திராது. மக்களுக்கு அறிவூட்டுவதற்காக நாட்டும் திரையையே மக்களுக்கு அறிவியாமல் நாட்டுவது நகைப்புக்கிடமன்றோ?

“எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்க, வீதியிலே திரை எதற்கு?” என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் கைத்தொலைபேசியிலே ஒவ்வொருவரும் தனித்தனியே படிக்கின்றோம். பொதுத்திரையின் முன்னே சேர்ந்து படிக்கின்றோம். விலை குறைவு என்பதைத் தனியே அறிந்தவன் புலம்புவான்; பத்துப்பேர் சேர்ந்து அறிந்தால் சந்தையின் ஒழுங்கு மாறும். “வீதியே திருத்தப்படாதிருக்கத் திரைக்குப் பணமா?” என்பாரும் உளர். நூறு திரைகளை நாம் கேட்கவில்லை. ஒரு சந்தையிலே ஒன்று, ஓர் இறங்குதுறையிலே ஒன்று, பஸ் நிலையத்திலே ஒன்று. பக்கத்திலே பயிற்றப்பட்ட இளைஞர் அல்லது யுவதி ஒருவர். ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். குறை கண்டால் திருத்தட்டும், பயனில்லையேல் அகற்றட்டும்.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததன் பின்னர், தேர்தலின்றியே ஆண்டுகள் பல ஓடின. ஆயினும் 2025 மே 6ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பினால் மாநகரசபையும் நகரசபைகளும் பிரதேச சபைகளும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மீண்டன. தம்மிடம் அதிகாரமில்லை என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு சந்தை வாயிலிலே ஒரு திரையை நாட்டி, அதிலே தமிழை முதலில் எழுதி, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல உள்ள அதிகாரம் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், கணினி விஞ்ஞான அறிஞர்களும், கமக்காரர் அமைப்புக்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒன்றுகூடித் திட்டம் வகுக்கட்டும். ஊர் கூடினாற்றான் தேர் நகரும்.

பட்டதாரிகளே, உத்தியோகத்தர்களே! இத்திரைகளை அமைக்கும் அறிவு உங்களிடம் உண்டு. கமக்காரப் பெருமக்களே! அவை எதைச் சொல்ல வேண்டும் என்ற அறிவு உங்களிடம் உண்டு. இரண்டும் சேராவிட்டால், வெளியூர் வியாபாரி ஒருவன் திரையை நாட்டுவான். சவர்க்காரமும் குளிர்பானமும் அதிலே ஒளிரும். நாமும் கண் இருந்தும் காணாதவராய்க் கடந்து செல்வோம். தமிழன் தன் வீதியிலே தன் மொழியிலே கேள்வி கேட்கவும், கேட்டதற்கு விடை பெறவும் உரியவன். அந்த உரிமையைத் திரையிலே எழுதுவிப்பது எமது கடமை.